41-ஆவது வரி

முவான்சாவிலிருந்து வந்த எக்செல் ஷீட்டில் 63 வரிகள் இருந்தன. மெஷின் பெயர், எந்த வார்டு, எந்த வருஷம் வந்தது, கடைசியாக நிலைமை. நிலைமைப் பத்தியில் பாதிக்கு மேல் ஒரே வாசகம்: ‘ஹைஃபன்யி காஸி.’ ஸ்வாஹிலியில் ‘வேலை செய்யவில்லை’ என்று அர்த்தம். வணக்கம், நன்றி எல்லாம் கற்றுக்கொள்வதற்கு முன்பே அந்த மொழியில் எனக்கு மனப்பாடமானது இதுதான்.

அடுத்த மாதம் கிளம்புகிறேன். தான்சானியா, விக்டோரியா ஏரியின் தென்கரை, முவான்சா நகரத்துக்கு வெளியே ஒரு ஆஸ்பத்திரி. ஒரு வருஷம். சம்பளம் கிடையாது. அனுப்புகிற அமைப்பு டிக்கெட், தங்க ஒரு அறை, சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் காணும்படி மாதாமாதம் ஒரு தொகை தருகிறது. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 22 வருஷமாக நான் ‘பயோமெடிக்கல் அக்கா.’ வென்டிலேட்டர் அலாரம் நிற்காமல் கத்தினால், ஆட்டோகிளேவ் கதவில் ஆவி கசிந்தால், இன்ஃப்யூஷன் பம்ப் சொட்டு எண்ணிக்கையில் பொய் சொன்னால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதே வேலையை அங்கே போய்ச் செய்யப்போகிறேன். அதைவிட முக்கியமாக, அங்கே ஏற்கெனவே அந்த வேலையில் இருக்கும் ஐந்து பேரோடு சேர்ந்து செய்யப்போகிறேன்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்: “ஏன்டி, இங்கன இல்லாத ஆஸ்பத்திரியா? கடல் தாண்டிப் போயி சும்மா வேலை பாக்கணுமா?”

அம்மா கேட்டதில் பாதி நியாயம். உசிலம்பட்டிப் பக்கம் நிறைய ஊர்களில் பி.பி. மெஷின்கூட சரியாக இல்லை என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் நான் மதுரையை விட்டுப் போனால் திங்கள்கிழமையே என் நாற்காலியில் வேறொருவர் உட்காருவார். தமிழ்நாட்டில் பயோமெடிக்கல் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அங்கே அந்த நாற்காலியே ரொம்ப அபூர்வம். அம்மாவிடம் இதைச் சொன்னேன். “அப்ப படிச்ச புள்ளைங்கள அனுப்பு, நீ ஏன் போற” என்றாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. போக ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆசைக்குப் பின்னால் இரண்டு கதை உண்டு. இரண்டிலும் உதவி வாங்குகிற பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வேன் நாகப்பட்டினம் போனது. மெஷின் ஏதும் இல்லாத இடத்தில் எனக்கு என்ன வேலை? துணி பிரிக்கச் சொன்னார்கள். லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ரோட்டோரம் குவியல் குவியலாகக் கிடந்து மழையில் ஊறி நாறியது. கிழிந்த பேண்ட், பட்டன் போன சட்டை, ஒற்றைக்கால் செருப்பு. ஒரு மீனவ அக்கா குவியலிலிருந்து கம்பளி ஸ்வெட்டர் ஒன்றை விரலால் தூக்கிக் காட்டி, “இத எங்க போட்டுட்டுப் போறது தங்கச்சி, ஊட்டிக்கா?” என்றார். அந்த நிலைமையிலும் சிரித்தார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, இரண்டு பாத்திரம், உள்ளாடை. அதைக் கேட்க யாரும் வரவில்லை. அனுப்பியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கேட்காமல் அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, 2021 மே. அந்த மாதத்தை மதுரையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து நன்கொடையாக எங்களுக்குப் பத்து ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர்கள் வந்தன. கும்பிட்டு வாங்கினோம். நான் வார்டுக்குப் போய்ச் சேருவதற்குள் ஒரு தம்பி அவசரத்தில் ஒன்றை பிளக்கில் சொருகிவிட்டான். புகை. அந்தப் பத்தில் மூன்று 115 வோல்ட் மெஷின்கள், நம் ஊர் லைனோ 230. மிச்ச இரண்டுக்காக, ஊரடங்கில் தெரிந்த கடைக்காரரை வீட்டிலிருந்து வரவழைத்து, டவுன்ஹால் ரோட்டில் ஷட்டரைப் பாதி தூக்கி ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். அப்போதும் முழுசாகச் சரியாகவில்லை. வோல்டேஜை இறக்கிவிடலாம், ஹெர்ட்ஸை, அதாவது கரண்ட் நொடிக்கு எத்தனை தடவை அலைகிறது என்ற கணக்கை, என்ன செய்வது? 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த கம்ப்ரஸர் நம் 50 ஹெர்ட்ஸில் மந்தமாக ஓடியது. கான்சன்ட்ரேட்டர் என்பது காற்றை அழுத்தி, சியோலைட் மணிகள் நிரம்பிய இரண்டு குழாய்களுக்குள் மாற்றி மாற்றித் தள்ளி, நைட்ரஜனை அங்கேயே பிடித்து நிறுத்திவிட்டு ஆக்ஸிஜனை மட்டும் வெளியே விடும் சாதனம். அழுத்தம் போதவில்லை என்றால் நைட்ரஜன் சரியாகப் பிடிபடாது. 93 சதவீதம் வர வேண்டிய ஆக்ஸிஜன் எண்பதுக்குக் கீழே போய் மஞ்சள் விளக்கு எரிந்தது. இரண்டையும் மூலையில் வைத்தோம். இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன.

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த ராபர்ட் மால்கினும் லோரா பெர்ரியும் 2011-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 16 நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் இருந்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மருத்துவ மெஷின்களின் பட்டியலை எடுத்துப் பார்த்ததில், ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது ஓடவில்லை. காரணங்களில் பயிற்சிக் குறைவும் பராமரிப்புக் குறைவும் முன்னால் நின்றன. மால்கினின் இன்னொரு ஆய்வு சொன்னது எனக்கு அதைவிடப் பிடித்தது: கெட்டுப்போனவற்றில் மூன்றில் இரண்டு பங்கை, வெளிநாட்டு ஸ்பேருக்குக் காத்திராமல், அடிப்படை வேலை தெரிந்த ஒருவரே ஓட வைத்துவிட முடியும். ஃப்யூஸ், வயர், குழாய், அடைப்பு, துரு. இதைப் படித்தபோது என் 22 வருஷத்தை யாரோ எழுதியதுபோல இருந்தது.

அதனால் இந்தத் தடவை துணி மூட்டையாகப் போய் இறங்கக் கூடாது என்று முடிவு செய்தேன். போவது உறுதியானதும் நான் கேட்ட முதல் விஷயம் அந்த எக்செல் ஷீட். இரண்டாவது, ஒவ்வொரு மெஷினின் பின்பக்கத் தகடும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. வோல்ட், ஹெர்ட்ஸ், மாடல், வருஷம் எல்லாம் அந்தத் தகட்டில்தான் இருக்கும். அங்கே இருக்கும் மூத்த டெக்னீஷியன் மூன்று வாரத்தில் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். தூசி துடைத்துவிட்டு எடுத்த போட்டோக்கள். அதைப் பார்த்ததுமே இவரோடு வேலை செய்ய முடியும் என்று தோன்றியது.

12-ஆவது வரியில் ஒரு பேபி வார்மர். ‘ஹீட்டர் போய்விட்டது’ என்று எழுதியிருந்தது. திரையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். ஹீட்டர் கோளாறு இல்லை, புரோப் கோளாறு என்று திரையே சொல்லிக்கொண்டிருந்தது. குழந்தையின் தோலில் ஒட்டும் அந்தச் சின்ன உணர்கருவி வேலை செய்யாவிட்டால், பிள்ளைக்குச் சூடு வைத்துவிடக் கூடாதே என்று மெஷின் தானாக ஹீட்டரை நிறுத்திவிடும். “மல்டிமீட்டரை ஓமில் வையுங்கள், 25 டிகிரியில் 2252 வர வேண்டும்” என்றேன். மீட்டர் எதுவுமே காட்டவில்லை. எங்கேயோ வயர் அறுந்திருக்கிறது. பிளக்குக்குப் பக்கத்தில் வயரை வளைத்து வளைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு வளைவில் முள் துடித்தது. அந்த இடத்தை வெட்டி, சீவி, சால்டர் வைத்து, மறுபடி அளந்தார். 2100-க்குப் பக்கம். சூடு கூடினால் அந்த எண் இறங்கும். அவர் அறை கொஞ்சம் புழுக்கம், சரியான கணக்குதான். வீடியோவில் ஹீட்டர் மெல்ல சிவந்ததைப் பார்த்தேன். இங்கே ராத்திரி பதினொரு மணி. பக்கத்தில் வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பிக் காட்டினேன்.

இப்படிப் போனிலேயே ஆகிவிடும் என்றால் நேரில் எதற்கு என்று கேட்டேன். அவர் சொன்னது: “சகோதரி, நீங்கள் போனில் சொன்னால் ஒரு வார்மர் ஓடும். வந்தால் நாங்கள் ஐந்து பேரும் திரையைப் படிக்கப் பழகுவோம்.”

அவரிடமிருந்து நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு பள்ளிக்கூட நோட்டு தொங்குகிறது. கரண்ட் போன நேரம், வந்த நேரம், வந்ததும் மெஷின் எப்படி இருந்தது, மூன்றையும் நர்ஸ் குறித்து வைக்கிறார். எந்த மெஷின் எந்த கரண்ட் வெட்டில் செத்தது என்று தேதியோடு சொல்லிவிடலாம். இந்த யோசனை 22 வருஷத்தில் எனக்கு வரவில்லை. இப்போது எங்கள் ஐ.சி.யு.விலும் நோட்டு தொங்குகிறது.

மொழிக்கு வருகிறேன். ஆறு மாதமாக வாரம் மூன்று நாள் ஸ்வாஹிலி வகுப்பு, வீடியோவில். நமக்கு இது அவ்வளவு அந்நியமில்லை. ‘வந்தேன்’ என்ற ஒரே சொல்லில் யார், எப்போது, என்ன எல்லாம் அடங்கிவிடுகிறதல்லவா? அங்கேயும் அப்படித்தான், ஆனால் ரயில் பெட்டிகள் தலைகீழாக மாட்டியிருக்கும்: நி (நான்), லி (நடந்து முடிந்தது), குஜா (வா). நிலிகுஜா. கடைக்கு துகா, பணத்துக்கு பேஸா, வண்டிக்கு காரி, லட்சத்துக்கு லாகி. இந்துமாக் கடலில் கப்பல் ஓட்டியவர்கள் சொற்களையும் ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். பெரியவர்களைப் பார்த்தால் ‘ஷிகாமூ’ சொல்ல வேண்டும். ‘உங்கள் காலைப் பிடிக்கிறேன்’ என்பதிலிருந்து வந்த சொல்லாம். நம் வீட்டுக் கல்யாணத்தில் வரிசையாகக் காலில் விழுவதை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். பெரியவர் ‘மரஹபா’ என்று ஏற்றுக்கொள்வார்.

அடி வாங்கியது கடிகாரத்தில். ஆசிரியர் ஒரு நாள் வகுப்பை ‘ஸா ம்பிலி’க்கு மாற்றினார். ம்பிலி என்றால் இரண்டு. அங்கே மதியம் இரண்டு, நமக்கு நாலரை என்று கணக்குப் போட்டு பர்மிஷன் கேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உட்கார்ந்தேன். ஆள் இல்லை. ராத்திரி பத்தரைக்கு அவர் கூப்பிட்டு, ஏன் வரவில்லை என்கிறார். ஸ்வாஹிலியில் மணியை விடியலிலிருந்தும் அந்தியிலிருந்தும் எண்ணுவார்கள். காலை ஏழு மணிதான் முதல் மணி. அவர் சொன்ன இரண்டு, ராத்திரி எட்டு! சூரியன் உதித்து இத்தனை நாழிகை என்று ஜாதகத்தில் எழுதுகிற வம்சத்தில் பிறந்துவிட்டு இதில் ஏமாந்தேனே என்றிருந்தது.

மெஷின் ரிப்பேர் செய்பவருக்கு, தச்சருக்கு, தையல்காரருக்கு, கைத்தொழில் தெரிந்த எல்லோருக்கும் அங்கே ஒரே பெயர்: ஃபுண்டி. அந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இன்ஜினியரா டெக்னீஷியனா என்ற நம் ஊர் சண்டை அதில் கிடையாது. பெண்களை மரியாதையாக ‘மாமா’ என்பார்கள். நான் அங்கே மாமா ஃபுண்டி. வீட்டில் இரண்டு நாள் சிரித்தார்கள்.

இன்னொரு பெயரும் காத்திருக்கிறது: முஹிந்தி, இந்தியர். அந்தச் சொல்லோடு அங்கே கடை முதலாளி ஞாபகமும் சேர்ந்து வரும். நாலைந்து தலைமுறையாகக் கடையும் கட்டடமும் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் குஜராத்திலிருந்து போனவர்கள். தான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரேயின் அரசு 1971-இல் வாடகைக் கட்டடங்களை எடுத்துக்கொண்டபோது அதிகம் இழந்ததும் அவர்கள்தான். ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2023-இல் தான்சானியாவின் சான்சிபார் தீவில் வளாகம் திறந்த பிறகு இந்தியர் என்றால் வாத்தியார் என்றும் சிலர் நினைக்கக்கூடும். எப்படிப் பார்த்தாலும், வெள்ளைக்காரத் தன்னார்வலருக்குக் கிடைக்கும் ஆச்சரியமும் எனக்குக் கிடைக்காது, அவர்களைப்போல ஒன்றும் தெரியாதவளாக நடிக்கவும் முடியாது. வேலையைப் பார்த்துத்தான் நம்புவார்கள். அது நல்லதுதான்.

ஊசிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நைரோபி வழியாகப் போய் வருவதால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொண்டேன். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், எனவே கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். 2016 முதல் அது ஆயுளுக்கும் செல்லுபடி. இந்தியா ஏன் இதில் இவ்வளவு கறார் என்றால், அந்த நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டுத் தொட்டியிலேயே இருக்கிறது, நோய்தான் இன்னும் வரவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து ஒரே ஒருவர் கொண்டுவந்தால் போதும். மலேரியாவுக்குத் தினமும் டாக்ஸிசைக்ளின், திரும்பி வந்தும் நாலு வாரம். விக்டோரியா ஏரியில் கால்கூட நனைக்கக் கூடாது. கரையோர நத்தைகளிலிருந்து வெளிவரும் ஒட்டுண்ணி தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். இவ்வளவு பெரிய ஏரியை ஒரு வருஷம் கரையிலிருந்தே பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்கு இதில் பெரிய வருத்தம். சாப்பாட்டுக் கவலை இல்லை. உகாலி நம் களிக்குத் தங்கச்சி, சோளமாவில் செய்தது. டகா என்கிற காய்ந்த பொடிமீன் நெத்திலிக் கருவாட்டுக்குப் பெரியப்பா மகன்.

பணம் பற்றி யாரும் வெளிப்படையாக எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். ஒரு வருஷச் சம்பளமில்லா விடுப்பு வாங்க எட்டு மாதம் நடந்தேன். வீட்டுக் கடன் தவணைக்காக மூன்று வருஷமாக ஒரு சீட்டுப் போட்டு எடுத்து வைத்தேன். மகள் காலேஜ் கடைசி வருஷம் முடிக்கும் வரை காத்திருந்தேன். போலீஸ் சான்றிதழ், தன்னார்வலர்களுக்கான சி வகைக் குடியிருப்பு அனுமதி, அவசரத்தில் விமானத்தில் தூக்கி வர இன்ஷூரன்ஸ் எல்லாம் அமைப்பு பார்த்துக்கொண்டது. நம்மிடமே லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ‘சேவை அனுபவம்’ தருவதாகச் சொல்லும் இடங்கள் வேறு ரகம்.

அதைச் சொல்லக் காரணம் உண்டு. கூட வேலை செய்யும் ஒரு நர்ஸின் மகள், பன்னிரண்டாவது முடித்தவள், கம்போடியாவில் இரண்டு வாரம் அநாதை இல்லத்தில் சேவை செய்யலாமா என்று ஒரு விளம்பரத்தோடு வந்தாள். படம் அழகாக இருந்தது. வேண்டாம் என்றேன். கம்போடியாவின் இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருப்பது யூனிசெஃப் ஆய்வில் தெரியவந்தது. காசு தரும் விருந்தாளிகள் வருவதால் இல்லங்கள் பெருகின, இல்லங்களை நிரப்ப ஏழை வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு புது அக்காவிடம் ஒட்டிக்கொண்டு, அவள் போனதும் அழுகிற பிள்ளையை யோசித்துப் பார். அந்தப் பெண் முகம் வாடிவிட்டது. “அப்ப நான் போகவே கூடாதா ஆன்ட்டி?” போ. முதலில் ஒரு தொழில் கற்றுக்கொள். போகுமுன் மூன்று கேள்வி கேள்: என்னை வரச் சொன்னது யார், இந்த வேலையை இதுவரை யார் பார்த்தார்கள், நான் திரும்பிய மறுநாள் யார் பார்ப்பார்கள். பதில் வராத இடத்துக்குப் போகாதே.

1958-இல் பிரிட்டனில், வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் வி.எஸ்.ஓ. என்ற அமைப்பு தொடங்கியபோது அனுப்பியது பள்ளிக்கூடம் முடித்த பையன்களைத்தான். போகப் போகத் தொழில் தெரிந்தவர்களை அனுப்பும் அமைப்பாக அது மாறியது. ஜெர்மனியின் பான் நகரிலிருந்து இயங்கும் ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1971 முதல் ஆள் எடுக்கிறது. 18 வயது போதும், மேல் வயது 80. இணையத்தில் பதிந்துவைத்தால் நம் வேலைக்கு ஏற்ற இடம் வரும்போது கூப்பிடுவார்கள், வாழ்க்கைச் செலவுக்குத் தொகையும் தருவார்கள். 80 என்று சொன்னதும் எங்கள் தெரு ஓய்வுபெற்ற மின்வாரிய அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெளிநாட்டுச் சேவை என்றால் டாக்டர், இல்லாவிட்டால் இங்கிலீஷ் பேசும் காலேஜ் பிள்ளை என்று நாமே வரம்பு போட்டுக்கொள்கிறோம். நான் பார்த்த தேவைப் பட்டியல்களில் லேப் டெக்னீஷியன், எலெக்ட்ரீஷியன், மருந்து ஸ்டோர் கணக்குப் பார்ப்பவர், பிளம்பர் எல்லாம் இருந்தார்கள்.

என் ஷீட்டிலும் ஒரு வரி அப்படி. 41: ‘மஷினே யா குஃபுலியா,’ துணி துவைக்கும் மெஷின், பெரிய இண்டஸ்ட்ரியல் வகை. நிலைமை: ஹைஃபன்யி காஸி, இரண்டு வருஷமாக. அத்தனை வார்டுகளின் போர்வையும் ஆபரேஷன் தியேட்டர் துணியும் கையால் துவைக்கிறார்கள். போட்டோவைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. டிரம், பெல்ட், டிரெயின் வால்வு, நான் தொட்டதே இல்லை.

எங்கள் ஆஸ்பத்திரி லாண்டரியில் முப்பது வருஷம் இருந்து போன வருஷம் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வில்லாபுரத்தில் இருக்கிறார். எட்டாவது வரை படித்தவர். போன ஞாயிற்றுக்கிழமை போய் போட்டோக்களைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு செல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிதாக்கினார். “பேரிங் போயிருக்கு. தண்ணி எறங்கி துரு ஏறிருக்கு பாரு, இந்தக் கோடு. டிரம்மக் கழட்டாம ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். எப்படிக் கழற்றுவது என்று நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். நாலு பக்கம் ஆனது. சந்தேகம் கேட்கக் கேட்க அவருக்குப் பொறுமை போனது. “இதெல்லாம் எழுதி வெச்சு வராதும்மா, கை வெச்சாத்தான் தெரியும்.”

டீ வந்தது. குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“ஏம்மா, இந்தப் பாஸ்போர்ட்டு எடுக்க எம்புட்டு நாளாகும்?”